பாஸ்போர்ட் அவருடையதுதான்

2008 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை மாலை. தென் லண்டனில் உள்ள பால்ஹம். தமிழர்கள் நிறைந்த டூட்டிங்குக்குப் பக்கத்து ஊர். அங்கே வீயர் எஸ்டேட் என்ற குடியிருப்பு வளாகத்தில் நான்கு போலீஸ்காரர்கள் ஒருவரைத் துரத்திப் பிடித்துக் குப்புறப் படுக்கவைத்து, முதுகுக்குப் பின்னால் விலங்கு பூட்டினார்கள். அவர் செய்ததாகச் சொன்ன குற்றங்கள் மூன்று. பொது அமைதியைக் குலைத்தது, போலீஸ்காரரைத் தாக்கியது, பாஸ்போர்ட் திருடியது.

அவரிடம் ஒரு பாஸ்போர்ட் இருந்தது உண்மை. அது அவருடைய சொந்த பாஸ்போர்ட்.

அவர் பெயர் ஷான் ரிக். வயது 40. இசைக் கலைஞர். இருபது வயதை ஒட்டி அவருக்கு மனச்சிதைவு நோய் இருப்பது தெரியவந்தது. மருந்து எடுத்துக்கொள்ளும் காலத்தில் பாட்டு எழுதுவார், பயணம் போவார். மருந்தை நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கும். அந்த ஆகஸ்டில் அவர் மருந்தை நிறுத்தியிருந்தார். அவர் தங்கியிருந்த பிரிக்ஸ்டன் விடுதியின் ஊழியர்கள் அதைக் கவனித்தார்கள். அன்று மாலை ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் அவசர எண்ணுக்கு ஐந்து முறை போன் செய்து, ஒரு நோயாளிக்கு உடனே உதவி வேண்டும் என்று கேட்டார்கள். யாரும் வரவில்லை. மேலாடை இல்லாமல் விடுதியை விட்டு வெளியேறி, தெருவில் கராத்தே வீரரைப் போல் கைகால்களை வீசிக்கொண்டிருந்தவரைப் பார்த்துப் பொதுமக்கள் போன் செய்த பிறகுதான் போலீஸ் வந்தது.

பிடித்த இடத்தில் சுமார் எட்டு நிமிடம் அவரைக் குப்புற அழுத்தி வைத்திருந்தார்கள். பிறகு வேனின் பின்பக்கக் கூண்டில் ஏற்றினார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் பிரிக்ஸ்டன் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். நிலையத்தின் முற்றத்தில் வேன் சில நிமிடங்கள் நின்றது. அங்கிருந்து அவரைத் தூக்கி வந்து, விலங்கோடு தரையில் கிடத்தினார்கள். இரவு 9.24-க்கு, கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில், அவர் இறந்துவிட்டதாக அறிவித்தார்கள்.

நல்ல உடற்கட்டோடு இருந்த ஒருவர் போலீஸின் கைக்கு வந்த இரண்டு மணி நேரத்துக்குள் பிணமாகிறார். அவருடைய அக்கா மார்சியா ரிக்கும் குடும்பமும் அன்றிலிருந்து கேட்டது ஒரே கேள்விதான். என்ன நடந்தது? அதற்குப் பதில் தேடிப் போன பதினோரு ஆண்டுகளில் அவர்கள் தட்டாத கதவு இல்லை. மனநோயாளி ஒருவரிடம் போலீஸ் அத்துமீறினால் நியாயம் கேட்க பிரிட்டனில் எத்தனை வழிகள் உண்டு, எந்த வழியில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை அந்தக் குடும்பத்தின் அலைச்சலைப் பின்தொடர்ந்தாலே புரிந்துகொள்ளலாம்.

முதல் கதவு: புகார் ஆணையம்

போலீஸ் காவலில் யார் இறந்தாலும் அதைத் தனியொரு அமைப்பு விசாரிக்க வேண்டும் என்பது பிரிட்டனில் சட்டம். 2004-இல் அதற்கும் போலீஸ் மீதான பிற புகார்களுக்குமாக சுயேச்சை போலீஸ் புகார் ஆணையம் உருவானது. 2018 ஜனவரியில் அது பெயரும் அமைப்பும் மாறி, போலீஸ் நடத்தைக்கான சுயேச்சை அலுவலகமாக இயங்குகிறது. ரிக் வழக்கு இயல்பாகவே இந்த ஆணையத்திடம் போனது.

2010-இல் ஆணையம் தன் விசாரணையை முடித்தது. போலீஸார் நியாயமாகவும் அளவோடும்தான் நடந்துகொண்டார்கள் என்பது அதன் முடிவு. சம்பந்தப்பட்ட போலீஸ்காரர்களை மாதக்கணக்கில் தாமதித்த பிறகே ஆணையம் நேரில் விசாரித்திருந்தது.

நிலையத்தின் காவல் பிரிவில் பொறுப்பில் இருந்த சார்ஜென்ட், தான் வேனுக்குப் போய் ரிக்கின் நிலையைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார். முற்றத்தில் இருந்த கண்காணிப்பு கேமராவில் அப்படி எந்தக் காட்சியும் இல்லை. பதிவு ஆணையத்தின் கையில்தான் இருந்தது. ஆனால் இந்த முரண்பாட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் கேட்டவர்கள் குடும்பத்தாரும் அவர்களுடைய வழக்கறிஞர்களும்தான்.

இரண்டாவது கதவு: கொரோனர் நீதிமன்றம்

இங்கிலாந்தில் இயற்கைக்கு மாறான சாவுகளை விசாரிப்பவர் கொரோனர். இலங்கைத் தமிழர்களுக்கு 'மரண விசாரணை அதிகாரி' என்ற பெயரில் பழக்கமான பதவிதான். அவர் யாரையும் குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முடியாது, தண்டிக்கவும் முடியாது. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்பது மட்டுமே அவர் முன் உள்ள கேள்வி. அரசின் காவலில் நடந்த சாவு என்றால், எந்தச் சூழ்நிலையில் இறந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மனித உரிமைச் சட்டம் வந்த பிறகு நீதிமன்றங்கள் அப்படி விரித்துப் பொருள் கொண்டிருக்கின்றன. போலீஸ் காவலில் நடந்த சந்தேகச் சாவாக இருந்தால் சாதாரணக் குடிமக்களைக் கொண்ட ஜூரி உட்கார்ந்தாக வேண்டும்.

கேட்டால் பல் இல்லாத நீதிமன்றம் போலத் தோன்றும். ஆனால் போலீஸ்காரரை சாட்சிக் கூண்டில் ஏற்றி, இறந்தவரின் குடும்ப வழக்கறிஞர் நேருக்கு நேர் குறுக்கு விசாரணை செய்யும் இடம் பெரும்பாலான குடும்பங்களுக்கு இது ஒன்றுதான்.

2012 கோடையில் சதர்க் கொரோனர் நீதிமன்றத்தில் ஏழு வாரம் விசாரணை நடந்தது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி ஜூரி தன் முடிவைச் சொன்னது. போலீஸ் பயன்படுத்திய பலம் பொருத்தமற்றது. எட்டு நிமிடம் குப்புற அழுத்தியது தேவையற்றது. அவருடைய சாவில் அதற்கு அற்பமென்று ஒதுக்க முடியாத பங்கு உண்டு. அவரைக் கவனித்துவந்த மனநல மருத்துவ நிர்வாகமும் தவறியிருக்கிறது. ஆணையம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொன்னதற்கு நேர் எதிரான முடிவு இது.

அதன் பிறகுதான் அதிகார வட்டாரம் அசைந்தது. ஆணையம் தன்னுடைய விசாரணையையே வெளியாரைக் கொண்டு பரிசோதிக்கச் செய்தது. 2013 மே மாதம் வெளியான சில்வியா கசாலே அறிக்கை அந்த விசாரணையின் ஓட்டைகளை எடுத்துக்காட்டி, மறுவிசாரணைக்கு வழி திறந்தது. லண்டன் போலீஸ் ஆணையர் தம் பங்குக்கு, மனநோயாளிகளைப் போலீஸ் கையாளும் முறையை ஆராய லார்ட் விக்டர் அடெபோவாலே தலைமையில் ஒரு குழு அமைத்தார். ஐந்து ஆண்டுகளில் நடந்த 55 நிகழ்வுகளை அந்தக் குழு பரிசீலித்தது.

மூன்றாவதும் நான்காவதும்

கிரிமினல் நீதிமன்றத்தின் கதவு இவ்வளவு எளிதில் திறக்கவில்லை. கேமரா பதிவுக்கு மாறாக சாட்சி சொன்ன சார்ஜென்ட் மீது வழக்குத் தொடர வேண்டாம் என்று அரசு வழக்குத் துறை 2014-இல் முடிவு செய்தது. பாதிக்கப்பட்டவர்கள் அப்படிப்பட்ட முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமை அதற்கு முந்தைய ஆண்டுதான் வந்திருந்தது. குடும்பம் அதைப் பயன்படுத்தியது. துறை தன் முடிவை மாற்றிக்கொண்டது. பொய் சாட்சி சொன்னதாக வழக்கு நடந்தது. 2016 நவம்பரில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. சாவு தொடர்பாக வேறு எந்தப் போலீஸ்காரர் மீதும் வழக்கு இல்லை என்று அதே ஆண்டு அறிவிப்பு வந்தது.

மிச்சமிருந்தது துறை விசாரணை. வேலை போகுமா, கண்டிப்பு கிடைக்குமா என்று பார்க்கும் இடம். 2019 மார்ச் 1-ஆம் தேதி ஐந்து பேர் மீதான குற்றச்சாட்டுகளும் நிரூபிக்கப்படவில்லை என்று முடிந்தது. சம்பவம் நடந்து அப்போது பத்தரை ஆண்டு ஆகியிருந்தது. அவ்வளவு காலம் கழித்து சாட்சிகளின் நினைவில் என்ன தேறும்?

கணக்குப் பார்த்தால் ரிக் குடும்பத்துக்கு உண்மை கிடைத்தது கொரோனர் ஜூரியிடம் மட்டும். தண்டனை எங்கும் கிடைக்கவில்லை.

உயிரோடு இருப்பவர்கள்

செத்த பிறகுதான் விசாரணை என்றில்லை. ரிக் இறந்து ஐந்து வாரம்கூட ஆகாத நிலையில், 2008 செப்டம்பர் 23-ஆம் தேதி, மேற்கு லண்டனில் ஆக்டன் நீச்சல் குளத்தில் ஒரு சம்பவம் நடந்தது. கடுமையான ஆட்டிசமும் வலிப்பு நோயும் உள்ள 16 வயதுப் பையன் ஒருவனைப் பராமரிப்பாளர்கள் அங்கே அழைத்து வந்திருந்தார்கள். பேசத் தெரியாத பிள்ளை. தண்ணீரைக் கண்டதும் அதன் ஓரத்தில் நின்றவன் நகரவே இல்லை. வேடிக்கை பார்த்தபடியே நின்றான். அரை மணி நேரத்துக்கு மேலானதும் குளத்தின் மேலாளர் போலீஸைக் கூப்பிட்டார்.

வந்த போலீஸ்காரர்கள் பராமரிப்பாளர்களிடம் சரியாக விசாரிக்கவில்லை. பையனைத் தொட்டார்கள். தொட்டால் மிரளும் பிள்ளை, உடுத்த துணியோடு தண்ணீரில் குதித்துவிட்டான். வெளியே இழுத்து, தரையில் கிடத்தி, கையில் விலங்கும் காலில் கட்டும் போட்டு, நனைந்த உடையோடு போலீஸ் வேனின் கூண்டில் அடைத்தார்கள். வெகு நேரம் அங்கேதான் இருந்தான்.

இங்கே திறந்த கதவு சிவில் நீதிமன்றம். தானே வழக்கு நடத்த இயலாதவருக்காக நெருங்கியவர் ஒருவர் நீதிமன்றத்தில் நிற்கலாம். பையனுக்காக அவன் அப்பா நின்றார். வழக்கில் பையனுக்குப் பெயர் இல்லை, இரண்டு எழுத்துகள் மட்டும். இசட்.ஹெச். அத்துமீறித் தொட்டது, சட்டவிரோதமாக அடைத்து வைத்தது, மாற்றுத்திறனாளிக்கு ஏற்றபடி நடந்துகொள்ளத் தவறியது, மனிதத்தன்மையற்ற நடத்தைக்கு ஆளாகாமல் இருக்கும் உரிமையை மீறியது என்று குற்றச்சாட்டுகளை வரிசையாக வைத்தார்கள். 2012-இல் உயர் நீதிமன்றம் பையன் பக்கம் தீர்ப்பளித்து 28,250 பவுண்டு இழப்பீடு வழங்கியது. போலீஸ் ஆணையர் மேல்முறையீடு செய்தார். 2013 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

தொகை பெரிதில்லை. தீர்ப்பின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது. போலீஸ்காரர்கள் கெட்ட எண்ணத்தோடு நடந்தார்கள் என்று யாரும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் நின்ற, பையனைத் தெரிந்த ஆட்களிடம் கேட்காமல் கை வைத்ததே தவறு என்று நீதிமன்றம் சொன்னது. நல்லதைத்தான் நினைத்தோம் என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை.

உள்நாட்டு நீதிமன்றங்கள் கைவிட்டால் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இருக்கிறது. 2004 டிசம்பரில் பர்மிங்ஹாமில், விடியாத நேரத்தில், காரில் உட்கார்ந்து ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒருவரைப் போலீஸ் பிடித்தது. தீவிர மனநோய். பிரிட்டனின் 1983 மனநலச் சட்டத்தின் 136-ஆம் பிரிவு, பொது இடத்தில் மனநோயால் தவிக்கும் ஒருவரைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோகப் போலீஸுக்கு அதிகாரம் தருகிறது. அன்று அந்தப் 'பாதுகாப்பான இடம்' போலீஸ் நிலைய அறையாகிவிட்டது. மனநலப் பிரிவில் இடம் கிடைக்காமல் 72 மணி நேரத்துக்கும் மேலாக அவர் அங்கேயே கிடந்தார். கத்தினார், சுவரில் தலையை மோதிக்கொண்டார், தன் நிலை மறந்தார்.

எம்.எஸ். என்ற எழுத்துகளால் மட்டுமே அறியப்படும் அந்த மனிதரின் வழக்கில் 2012 மே மாதம் ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பளித்தது. யாரும் வேண்டுமென்று அவரை வதைக்கவில்லை என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனாலும் நோயாளியை அந்த நிலையில் அவ்வளவு நேரம் விட்டது இழிவான நடத்தை என்று முடிவு செய்தது. இழப்பீடு 3,000 யூரோ.

2017-இல் பிரிட்டன் தன் சட்டத்தைத் திருத்தியது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை 136-ஆம் பிரிவின்கீழ் போலீஸ் அறையில் வைக்கக்கூடாது, பெரியவர்களை விதிவிலக்கான சூழலில் மட்டுமே வைக்கலாம் என்று ஆனது. 72 மணி நேரம் என்ற உச்சவரம்பு 24 மணி நேரமாகக் குறைந்தது. அதே 2017-இல் இந்திய நாடாளுமன்றமும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 100-ஆவது பிரிவு இன்னும் கறாரானது. தெருவில் திரியும் மனநோயாளியைப் போலீஸ் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிறுவனத்தில் சேர்க்க வேண்டும். எந்த நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக்கூடாது.

யார் சொல்வதை நம்புவது?

இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் ஒரு சிக்கல் பொதுவாக ஓடுகிறது. புகார் என்றாலே ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் நம்ப வேண்டும். மனநோய் முதலில் பறிப்பது அந்த நம்பிக்கையை. குரல் கேட்கிறது, யாரோ துரத்துகிறார்கள் என்று நேற்று சொன்னவர், போலீஸ் அடித்தது என்று இன்று சொன்னால், அதுவும் நோயின் பேச்சு என்று தள்ளிவிடுவது எளிது. அவருக்கே சில சமயம் எது நடந்தது, எது தோன்றியது என்ற குழப்பம் இருக்கும்.

இதற்கு எதிர்மறையான ஆபத்தும் உண்டு. பலவீனமான மனநிலையில் இருப்பவர் போலீஸ் விரும்புவதையெல்லாம் ஒப்புக்கொண்டுவிடுவார். 1972-இல் மேக்ஸ்வெல் கான்ஃபைட் என்பவர் லண்டனில் கொலையானபோது மூன்று பையன்கள் ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்துத் தண்டனை பெற்றார்கள். அதில் ஒருவனுக்கு வயது 18, மனவளர்ச்சியோ 8 வயதுக் குழந்தையுடையது. 1975-இல் அவர்களுடைய தண்டனைகளை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தச் சறுக்கல் பற்றிய விசாரணையின் நீட்சியாக 1984-இல் புதிய போலீஸ் சட்டம் வந்தது. மனநிலை பாதிக்கப்பட்டவரை விசாரிக்கும்போது பக்கத்தில் 'உகந்த பெரியவர்' ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதிகளில் ஒன்று. உறவினராகவோ சமூகப் பணியாளராகவோ இருக்கலாம். போலீஸ்காரராக இருக்க முடியாது.

அதனால்தான் அங்கே இந்த வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள், நோயாளியின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி இறங்குவதில்லை. காவல் பதிவேட்டின் நகல், மருத்துவரின் குறிப்பு, காயங்களின் படம், அவசர எண்ணுக்கு வந்த அழைப்புகளின் ஒலிப்பதிவு, கேமரா காட்சி என்று பேசாத சாட்சிகளைத் திரட்டுகிறார்கள். இதில் அவசரம் முக்கியம். லண்டன் போலீஸார் உடலில் அணியும் கேமராவின் பதிவுகள், யாரும் கேட்டு நிறுத்தாவிட்டால் 31 நாளில் அழிந்துவிடும். மனித உரிமைச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட பொதுவாக ஓராண்டுதான் அவகாசம். உடற்காய வழக்குக்கு மூன்று ஆண்டு. வழக்கு நடத்தும் மனத்தகுதி இல்லாதவருக்கு அந்த மூன்றாண்டுக் கெடு ஓடத் தொடங்காது என்ற சலுகை மட்டும் உண்டு.

33 நொடி

தண்டனையே கிடைக்காதா? ஒரு முறை கிடைத்தது.

டேலியன் அட்கின்சன் ஆஸ்டன் வில்லா அணியின் பழைய நட்சத்திரம். 1992-93 பருவத்தில் விம்பிள்டன் அணிக்கு எதிராக அவர் அடித்த கோல், அந்த ஆண்டின் சிறந்த கோலாகத் தேர்வானது. 2016 ஆகஸ்ட் 15 அதிகாலையில், 48 வயதான அவர், டெல்ஃபர்டில் தன் அப்பா வீட்டு வாசலில் மனம் பேதலித்த நிலையில், தன்னை இரட்சகர் என்று சொல்லிக்கொண்டு நின்றார். வந்த காவலர் பெஞ்சமின் மங்க் டேசர் என்ற மின்னதிர்ச்சிக் கருவியை அவர் மீது பாய்ச்சினார். வழக்கமாக ஐந்து நொடி. மங்க் 33 நொடி அழுத்தினார். கீழே விழுந்தவரின் தலையில் இரண்டு முறையாவது உதைத்தார். பூட்ஸ் கயிற்றின் அச்சு நெற்றியில் பதிந்திருந்ததை ஜூரி பார்த்தது.

2021 ஜூனில் பர்மிங்ஹாம் நீதிமன்றம் மங்க்கைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தாலும், மரணம் விளைவித்த குற்றத்துக்காக எட்டு ஆண்டு சிறையில் தள்ளியது. பணியில் இருந்தபோது ஒருவரின் உயிரைப் போக்கியதற்காக பிரிட்டிஷ் போலீஸ்காரர் ஒருவர் தண்டனை பெற்றது முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் அதுவே முதல் முறை. அங்கேயும் நியாயத்துக்கு ஐந்து ஆண்டு ஆனது. அங்கேயும் பேசியவை டேசர் கருவியின் நொடிக் கணக்கும் நெற்றியின் தடமும்தான்.

மருத்துவமனைக்குள் பதினொரு பேர்

ஒலசேனி லூயிஸ், வீட்டில் சேனி. வயது 23. கம்ப்யூட்டர் படித்த பட்டதாரி. 2010 ஆகஸ்ட் கடைசியில் திடீரென்று நடத்தை மாறியது. பெற்றோர் அஜிபோலாவும் கான்ராடும் அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். கடைசியில் சேர்ந்த இடம் பெத்லெம் ராயல் மருத்துவமனை. 1247-இல் தொடங்கிய, உலகின் மிகப் பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. சேனி தானாக விரும்பிச் சேர்ந்த நோயாளி. வெளியே போக முயன்றபோது ஊழியர்கள் தடுத்தார்கள், பிறகு போலீஸைக் கூப்பிட்டார்கள். பதினொரு போலீஸ்காரர்கள் மாறி மாறி அரை மணி நேரத்துக்கும் மேல் அவரை அழுத்திப் பிடித்தார்கள். மருத்துவப் பணியாளர்கள் அங்கேயே இருந்தார்கள். சேனி நினைவிழந்தார். சில நாளில் இறந்தார்.

இங்கும் முதல் விசாரணை சொதப்பியது. புகார் ஆணையம் ஒருமுறை அறிக்கை கொடுத்துவிட்டால் அதைத் தானே திரும்பப் பெற முடியாது என்பது அன்றைய நிலை. மறுபடி விசாரிப்பதற்காக, 2013-இல் உயர் நீதிமன்றமே அந்த அறிக்கையை ரத்து செய்ய வேண்டியிருந்தது. கொரோனர் விசாரணை நடந்தது 2017-இல். பயன்படுத்திய பலம் அளவுக்கு மீறியது என்று ஜூரி சொன்னது. அதே ஆண்டு அக்டோபரில் துறை விசாரணை ஆறு போலீஸ்காரர்களையும் விடுவித்தது.

சேனியின் பெற்றோர் அதோடு நிற்காமல் நாடாளுமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். அவர்கள் தொகுதியான வடக்கு க்ராய்டனின் உறுப்பினர் ஸ்டீவ் ரீட், அரசின் மசோதாவாக இல்லாமல் தனிநபர் மசோதாவாக ஒன்றைக் கொண்டுவந்தார். 2018 நவம்பர் 1-ஆம் தேதி அது சட்டமானது. மக்கள் வாயில் அதன் பெயர் 'சேனி சட்டம்'. பெரும்பகுதி நடைமுறைக்கு வந்தது 2022 மார்ச் 31-ஆம் தேதி.

மனநலப் பிரிவு ஒவ்வொன்றிலும் பலப்பிரயோகத்துக்குப் பொறுப்பான ஒருவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட வேண்டும். ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும். நோயாளி மீது கை வைத்த ஒவ்வொரு முறையும் யார், எதற்காக, எவ்வளவு நேரம் என்று பதிவு செய்ய வேண்டும். நோயாளிக்கு அவர் உரிமைகளை எடுத்துச் சொல்ல வேண்டும். உதவிக்கு வரும் போலீஸ்காரர், முடிந்தவரை, உடலில் கேமரா அணிந்து அதை ஓடவிட வேண்டும். சேனி கிடந்த அறையில் இல்லாமல் போன சாட்சியை இனி வரும் நோயாளிக்காகச் சட்டமே அனுப்பிவைக்கிறது.

வக்கீல் கூலி

கொரோனர் நீதிமன்றத்தில் ஒரு பக்கம் போலீஸ் துறையின் வழக்கறிஞர்கள், போலீஸ்காரர்களின் தனி வழக்கறிஞர்கள், மருத்துவமனையின் வழக்கறிஞர்கள் என்று வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் பெரும்பகுதி பொதுப் பணம். இன்னொரு பக்கம் குடும்பம். அவர்களுக்கு இலவச சட்ட உதவி தானாகக் கிடைக்காது, மனுப் போட்டு மன்றாட வேண்டும். ரிக், லூயிஸ் குடும்பங்களைச் சந்தித்த அன்றைய உள்துறை அமைச்சர் தெரசா மே, 2015-இல் எலிஷ் ஆஞ்சியோலினி தலைமையில் ஒரு மறுஆய்வுக்கு உத்தரவிட்டார். 2017-இல் வெளியான அந்த அறிக்கையின் 110 பரிந்துரைகளில் குடும்பங்களுக்கு இலவச வழக்கறிஞர் என்பதும் ஒன்று. மனம் பேதலித்தவரைப் போலீஸ் வேனில் ஏற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்பது மற்றொன்று. குடும்பங்களுக்கான சட்ட உதவியை உள்ளடக்கிய மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது 2025 செப்டம்பரில்.

இதற்கிடையே பழைய கதை திரும்பியது. 2018 மார்ச்சில் தென் லண்டன் லூயிஷமில், மனச்சிதைவு நோயுள்ள கெவின் கிளார்க் என்ற 35 வயதுக்காரரைப் போலீஸ் கைவிலங்கும் கால்கட்டும் போட்டு அழுத்தியது. அவர் இறந்தார். ஆனால் இந்த முறை போலீஸ்காரர்களின் உடம்பில் கேமரா இருந்தது. மூச்சுவிட முடியவில்லை, செத்துவிடுவேன் என்று அவர் சொல்வது அதில் பதிவாகியிருந்தது. 2020 அக்டோபரில் அதை ஜூரி கேட்டது. கட்டுப்படுத்திய விதம் தவறு, அது சாவுக்குக் காரணங்களில் ஒன்று என்றது. போலீஸ் தலைமை மன்னிப்புக் கேட்டது.

பிறகு வந்த மாற்றம் வேறு திசையில் போனது. மனநல அழைப்புகளுக்குப் போலீஸ் போவதையே குறைக்கும் முறையை ஹம்பர்சைட் போலீஸ் 2020-இல் தொடங்கியது. 2023 இலையுதிர் காலத்தில் லண்டனும் அதைப் பின்பற்றியது. உயிருக்கு உடனடி ஆபத்தோ குற்றமோ இல்லையென்றால் மருத்துவப் பணியாளர்தான் போக வேண்டும். காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ரிக்கின் விடுதி ஊழியர்கள் அன்று ஐந்து முறை போன் செய்தும் யாரும் வராததை நினைத்துப் பார்க்கிறவர்கள், போலீஸ் வரவில்லை என்றால் வேறு யார் வருவார்கள் என்று கேட்கிறார்கள். மனநலத் துறையில் ஆளும் படுக்கையும் போதாத நாட்டில் நியாயமான கேள்வி.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரின் கடைசி சனிக்கிழமையை ஒட்டி, காவலில் உறவுகளை இழந்த குடும்பங்கள் டிரஃபால்கர் சதுக்கத்தில் கூடி, பிரதமரின் டவுனிங் தெருவை நோக்கி நடக்கின்றன. 1999-இல் தொடங்கிய வழக்கம். மார்சியா ரிக் அதில் தெரிந்த முகம். பிரிக்ஸ்டன் போலீஸ் நிலையத்துக்கு வெளியே ஒரு மரம் நிற்கிறது. அந்த நிலையத்தோடு தொடர்புடைய சாவுகளில் போனவர்களின் படங்களை மக்கள் அதில் மாட்டி வைத்திருக்கிறார்கள். ஷான் ரிக்கின் படமும் அவற்றில் உண்டு.